ஏழு பச்சை வட்டங்கள்

அன்று நான்கு மணியோடு ஆட்சேபம் தெரிவிக்கும் காலம் முடிகிறது. ஆனாலும் மயூரி காலையில் நிதானமாகத்தான் இருந்தாள். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் ஐந்து வருடங்களாக அவளுடைய அலுவலகம். கிழக்கே வாகரைக்கு அப்பால், ஆலங்கரையில் வாழும் கரையோர வேடப் பழங்குடியினரின் காட்டையும் உவர்நீர்க் களப்பையும் காக்கும் வேலைகளை ஒருங்கிணைப்பது அவள் பொறுப்பு. இப்போது அந்தக் காட்டில் கனிம மணல் அகழ ஒரு கம்பனி அனுமதி கேட்டிருந்தது.

ஆலங்கரை மாதர் சங்கத் தலைவி றஞ்சிதம் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு பேரின் கையொப்பமும் கைநாட்டும் ஒரு பொலித்தீன் பைக்குள் அவள் மடியில் கிடந்தன. யன்னலால் கடலை எட்டிப் பார்த்தாள்.

"என்ன புள்ள, உங்கட கடலில ஒரு சிறங்கை மணலையும் காணல்ல, கருங்கல்லுத்தான் கிடக்கு. அதுதான் எங்கட மணல அள்ள வாறாங்களோ?"

மயூரி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அவ்வளவுதான்.

அடுத்த அறையிலிருந்து நப்ரீஸ் கூப்பிட்டான். வரைபடம் செய்பவன். கம்பனி கொடுத்த சுற்றாடல் அறிக்கையின் பின்னிணைப்புகளை இரண்டு நாளாகக் கணினியில் படித்துக்கொண்டிருந்தான்.

"மிஸ், கொஞ்சம் வாங்களே. இது எங்கட மெப்."

அவர்களுடைய வரைபடமேதான். இரண்டு வருடங்களுக்கு முன் ஊர்ச் சனத்தோடு நடந்து நடந்து குறித்த ஏழு பச்சை வட்டங்கள்: தேன் எடுக்கும் மரங்கள், கிழங்கு கிண்டும் மேடு, சடங்கு செய்யும் துறை. அடியில் மயூரியின் பெயர். அரசாங்கத்துக்கு அவளே அனுப்பியது. ஒரேயொரு வித்தியாசம். ஏழு வட்டங்களுக்கும் நடுவே, சிவப்புக் கோட்டால், ஒரு பெரிய சதுரம். மணல் அகழப்போகும் இடம்.

நப்ரீஸ் ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்துத் தமிழில் சொன்னான். "'முக்கியமான இடம் ஏழு எண்டு ஊராக்களே காட்டீக்கிறாங்க. அந்த ஏழையும் நாங்க தொட மாட்டோம். மிச்சம் வெறும் காடு.' நம்மட விரலாலேயே நம்மட கண்ணக் குத்தீக்கிறாங்க மிஸ்."

மயூரியின் மனம் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்றைத் தேடியது. ஏழும் தப்பிவிட்டதே, மற்றதற்கு வாதாடலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

றஞ்சிதம் அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "இந்தச் சிவப்பு எந்த இடம் தம்பி?"

"இது துறை. இந்தப் பக்கம் தேன் மரம், அந்தப் பக்கம் கிழங்கு மேடு. நடுவுல ஈக்கிறதுதான் இது."

திரையை நோக்கி நீண்ட றஞ்சிதத்தின் கை பாதியில் நின்றது. சுட்டதுபோல் அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பிறகு, கதிரை இருக்க, தரையில் அமர்ந்துவிட்டாள்.

கரையோர ரயில் ஒன்று போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது. மயூரி றஞ்சிதத்தின் பக்கத்தில் குந்தினாள்.

"அங்க என்ன அக்கா இருக்கு?"

"கேக்காத."

"நான் அப்பவே கேட்டனான். காடு எண்டுதானே சொன்னீங்கள்?"

"காடெண்டுதான் சொல்லுவம். அந்த இடத்துக்குக் கை நீட்ட மாட்டம், பேர் சொல்ல மாட்டம். சுத்திவர நிண்டுதான் காட்டுவம். ஏழு இடத்துக்கும் உன்னக் கூட்டிப் போனது என்னத்துக்கு? நடுவில இருக்கிறது விளங்கட்டும் எண்டுதான். எங்கட ஊரில நண்டுபோல புள்ளைக்கும் அது விளங்கும். ரெண்டு வருசம் எங்களோட திரிஞ்ச உனக்கு விளங்கல்லயா?"

மயூரிக்கு விளங்கியது, இப்போது. ஒவ்வோர் இடத்திலும் ஊரார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உள்நோக்கியே நின்றார்கள். வெயிலுக்கு முகம் திருப்பி நிற்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். படங்களும் எடுத்தாள். அவர்கள் ஒரு வேலியைக் காட்டியிருக்கிறார்கள். அவள் ஏழு கட்டைகளை எண்ணி எழுதிக்கொண்டு கொழும்புக்குத் திரும்பியிருக்கிறாள்.

"எட்டாவது வட்டம் ஒண்டு போடுவோம்," என்றான் நப்ரீஸ். "ரெண்டு நிமிஷ வேல. என்ன இடம் எண்டு ஒரு வரி சொன்னாப் போதும்."

"சொன்னா ஊர் உலகமெல்லாம் பாக்கும். அதுக்குப் பிறகு கிண்டினா என்ன, கிண்டாட்டி என்ன?" றஞ்சிதத்தின் குரல் தாழ்ந்திருந்தது. "நான் சொல்ல மாட்டன் தம்பி."

சுவர்க் கடிகாரம் ஒன்றரையைத் தாண்டியது. சொன்னால் அந்த இடம் அவர்களுக்கு இல்லை. சொல்லாவிட்டால் அந்த இடமே இல்லை. மயூரி கதவடியில் போய் நின்றாள். திரும்பி வர நேரம் எடுத்தது.

"வட்டம் வேண்டாம். ஏழையும் ஒரு கோட்டால சேருங்கோ. உள்ளுக்க இருக்கிறது முழுக்க ஒரே நிலம் எண்டு எழுதுவம்."

"அப்ப முந்தி அனுப்பினது?"

"பிழை எண்டு எழுதுவம். ஊராக்களின்ர பிழையில்ல, என்ர பிழை."

நப்ரீஸ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "நல்லா யோசிச்சீங்களா மிஸ்? இனி நீங்க கீறுற ஒண்டயும் எவனும் நம்ப மாட்டான்."

"ஓம். கீறுங்கோ."

கடிதத்தை அவளே எழுதினாள். 'அவர்கள் காட்டிய இடங்களைக் குறித்தேன். அவர்கள் காட்டிய விதத்தை நான் பார்க்கவில்லை.' கையொப்பம் இடும்போது பேனை கடதாசியைக் கிழித்தது. இன்னொரு பிரதி எடுக்கவேண்டியதாயிற்று.

ஆட்சேபங்களை ஏற்கும் பத்தரமுல்லை அலுவலகத்தில் அவர்கள் படியேறியபோது மூன்று முப்பத்தைந்து. கருமபீடத்துக்கு அப்பால் இருந்த உத்தியோகத்தர் புதிய வரைபடத்தையும் கையொப்பங்களையும் வாங்கி வைத்துவிட்டு, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மயூரி ஒரு சொல்லில் பதில் சொன்னாள். அவர் முத்திரை குத்தி ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் றஞ்சிதம் கேட்டாள். "என்னவாம்?"

"முதல் வரைபடம் பிழையெண்டா ரெண்டாவது சரியெண்டு எப்பிடி நம்புற எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னாய்?"

"தெரியாது எண்டனான்."

"அவன் கேட்டது ஞாயம்தான்," என்றாள் றஞ்சிதம். "ஊரிலயும் கேப்பாங்க. உன்ட படத்தால நடுவில சிவப்புக் கோடு விழுந்த கதைய நான் தனியப் போய்ச் சொல்ல மாட்டன். நீ வா. வந்து உன்ட வாயால சொல்லு."

மயூரியின் கையில் கைப்பையும் அந்தப் பிரதியும் மட்டுமே இருந்தன. மாற்றுடுப்புக்கூட இல்லை. ஆலங்கரைப் பக்கம் பஸ் புறப்படும் கோட்டைக்குப் போக ஒரு பஸ் வந்து நின்றது. முதலில் ஏறியது அவள்தான்.