ஆலுவாத் தண்ணீர் குடித்த சாட்சிகள்

ஐம்பத்தெட்டாம் வருஷ மழைக்காலத்தில் என் உப்புக் கிடங்கைப் பூட்டினார்கள். மட்டாஞ்சேரிக் கடைவீதி பூராவும் எலி ஓடுகிறது, அதை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார்கள்! கிடங்குக்குப் பின்னால், தூத்துக்குடி மூட்டைகளிலிருந்து வடியும் உப்புநீரைப் பிடிக்க ஒரு தொட்டி உண்டு. அதில் சிவப்பாய், பொடிப்பொடியாய் என்னவோ நீந்துவதைக் கண்டவள் என் மனைவி சஃபியா. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சுகாதார இன்ஸ்பெக்டர் நீலகண்டனைக் கூப்பிட்டல்லவா காட்டினாள்!

"புழுவாக்கும்!" என்று துள்ளினார் அந்தப் பாலக்காட்டுக்காரர். "மொய்து ராவுத்தரே, இதையா ஊருக்கு விக்கறீர்?"

"உப்புல எப்படி சாரே புழு வரும்?"

"வராது. அதனால உம்ம உப்பு உப்பே இல்லேன்னு எழுதறேன்."

பூட்டு விழுந்தது. உள்ளே இருநூறு மூட்டை மழை ஈரத்தில் கரைய ஆரம்பித்தது. எனக்கு ராத்தூக்கம் போயிற்று.

சஃபியா சும்மா இருப்பாளா? அக்கரைக் காலேஜ் வாத்தியார் வெங்கிடராமனைப் படகேற்றிக் கூட்டிவந்தாள். அவர் லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் தலை நிமிரவில்லை.

"புழு இல்லை, இறால் ஜாதி. கடலைவிட மூணு மடங்கு உப்பிலும் பிழைக்கும். நல்ல தண்ணீரில்தான் செத்துப்போகும்" என்றார்.

"சாயாக்கடையிலகூட இறால் வறுக்குற ஊர்ல, இறாலுக்கா பூட்டு?" என்றாள் சஃபியா.

வியாழக்கிழமை முனிசிபல் சுகாதாரக் கமிட்டி விசாரணை. சாட்சிக்காக நீலகண்டன் புதன்கிழமையே ஒரு பாட்டிலில் அவற்றைப் பிடித்துப் போனார். "தண்ணிய மட்டும் மாத்திராதீங்க சாரே" என்று சஃபியா மூன்று தடவை சொன்னாள்.

மறுநாள் மேஜைமேல் பாட்டில் பளிச்சென்று இருந்தது. அடியில் எல்லாம் செத்துக் கிடந்தன.

"ஒரே அழுக்குத் தண்ணி. பாவம், விசாரணைக்கு வர ஜீவன்களாச்சே! நான் குடிக்க வெச்சிருந்த ஆலுவா நல்ல தண்ணிய விட்டேன்" என்றார் நீலகண்டன், பெருமையாக.

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள், செத்துக் கிடந்ததை மட்டும் பார்த்த கமிட்டித் தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார். 'உப்புநீரில் எதுவும் ஜீவிக்காது என்பது நிரூபணமாயிற்று. கடையைத் திறக்கலாம்.'

பூட்டைக் கழற்ற நீலகண்டனே வந்தார். உள்ளே பாதி மூட்டைகள் வெறும் சாக்காய்த் தொங்கின. பின்னால் போனால், கரைந்ததெல்லாம் தொட்டியில் நிறைந்து தளும்பியது. லட்சக்கணக்கில் சிவப்பாய் நீந்தின.

நீலகண்டன் எட்டிப் பார்த்தார். "என்னவாக்கும் ஓய் இது?"

சஃபியா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லை சாரே. உப்புநீர்ல எதுவும் ஜீவிக்காதுன்னு உங்க கமிட்டிதானே எழுதிக் கொடுத்துச்சு?"