ஏறுவதற்கு மட்டும் பழகிய முழங்கால்

என் இடது முழங்காலைக் கெடுத்தது லிஃப்ட்தான், மலை இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் வீட்டில் ஒருவர்கூட நம்புவதில்லை. முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். எந்த லிஃப்டுக்கும் அடியில் ஒரு குழி உண்டு. அதில் இறங்கி, தண்ணீரும் கிரீஸும் கலந்த தரையில் குந்தி உட்கார்ந்து, தலைக்கு மேலே தொங்கும் பெட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். அப்படிக் குந்திக் குந்தித்தான் முட்டி தேய்ந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் மலை ஏறுகிறவன் என்பதால் பழி முழுவதும் மலையின் தலையில் விழுந்தது.

"ஊர்ல இருக்கற கல்லுல எல்லாம் முட்டியைத் தேய்ச்சாச்சு. இப்பத் திருப்தியா?" என்றாள் மனைவி, முட்டி மாற்று ஆபரேஷனுக்குத் தேதி முடிவான அன்று.

எனக்குத் திருப்திதான், ஏனென்றால் மலையைப் பற்றி அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் நான் போகும் இடமெல்லாம் ஏதாவது பழுதாகி நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கத்துவார்கள், வெளியே நிற்பவர்கள் என்னைப் பார்த்துக் கத்துவார்கள். மலையில் மட்டும்தான் எதுவும் பழுதாகி நிற்காது. அங்கே யாருக்கும் நான் தேவையில்லை. அது எவ்வளவு பெரிய சுகம் என்று சொன்னால், கோபித்துக்கொள்வாளே என்று சொன்னதில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உள்ளே உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். எந்த கம்பெனி, எத்தனை வருட வாரண்டி என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டேன்.

அதற்குப் பிறகு வந்தாள் பிசியோதெரபிஸ்ட். என் மகள் வயதுதான் இருக்கும். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து "முட்டியை அழுத்துங்க சார்" என்பாள். அழுத்தினால் உயிர் போகும். பிறகு மடக்கச் சொல்லுவாள், போன உயிர் திரும்பி வந்து மறுபடி போகும். கையில் ஒரு கோணமானி வைத்திருப்பாள். எண்பது டிகிரி, தொண்ணூற்று ஐந்து, நூற்றுப் பதினெட்டு என்று அவள் சொல்லச் சொல்ல, பரீட்சை மார்க் வாங்கிய பிள்ளைபோல நான் மனைவியைத் திரும்பிப் பார்ப்பேன். அவள் ஜன்னலைப் பார்ப்பாள்.

மூன்றாவது மாதம் மச்சினன் சாப்பிட வந்தான். மனைவியின் தம்பி. நல்லவன்தான், வாய் மட்டும் சும்மா இருக்காது. என்னோடு பல வருடம் மலை ஏறியவன். எங்கள் இருவருக்கும் ஒரே கால் அளவு.

"மாமா, அந்த மலை ஷூ சும்மாதானே கிடக்குது?" என்றான், கை கழுவிக்கொண்டே.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் எழுந்து நின்றேன். "டாக்டர் எப்போ சரின்னு சொல்றாரோ அன்னிக்கு ஏறுவேன். உச்சி வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். வழியில ஒருத்தர் கையைப் பிடிச்சேன்னு வெச்சுக்கோ, ஷூவை அங்கேயே கழட்டி உன்கிட்ட குடுத்துட்டு வெறுங்காலோட வீட்டுக்கு வர்றேன். அப்புறம் அந்த மலைப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

"நான் சாட்சி," என்றாள் மனைவி உடனே. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து என் மலை எங்கள் கட்டிடத்தின் மாடிப்படிதான். எங்கள் வீடு முதல் மாடியில். மேலே இன்னும் ஐந்து மாடி. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை ஆறாவது மாடி வரை ஏறுவேன். முதலில் கைப்பிடியோடு, பிறகு கைப்பிடி இல்லாமல், பிறகு முதுகில் தண்ணீர் பாட்டில்கள் அடைத்த பையோடு. நான்காவது மாடிக்காரர் கதவைத் திறந்து "உங்களைப் பார்த்தா எங்களுக்கே வெட்கமா இருக்கு" என்பார். எனக்குத் தலை கால் புரியாது.

ஆனால் ஏறியவன் இறங்கினேனா என்று யாரும் கேட்கவில்லை. ஆறாவது மாடியில் போய் நின்று, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, லிஃப்ட் பொத்தானை அழுத்துவேன். இறங்குவதென்றால் எனக்குப் பயம். முதல் வாரமே ஒரு படி இறங்கிப் பார்த்தேன். உடம்பின் பாரம் மொத்தமும் அந்தக் காலில் போய் நின்ற கணத்தில் தொடை வெடவெடவென்று ஆடியது. சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று லிஃப்டில் ஏறினேன். அந்த நாளை வரவே இல்லை. லிஃப்டில் நேராகத் தரைக்குப் போய், அங்கிருந்து ஒரு மாடி ஏறி வீட்டுக்கு வருவேன். மூச்சிரைக்கக் கீழேயிருந்து வருகிறவனைப் பார்த்து மனைவி கேட்பாள்:

"கீழ வரைக்கும் போயிட்டா வர்றீங்க?"

"ஆமா," என்பேன். அதில் பொய் எங்கே இருக்கிறது?

பிசியோதெரபி அறையில் மூன்றே மூன்று படிகள், இரண்டு பக்கமும் கம்பி. பாரத்தையெல்லாம் கையில் வாங்கிக்கொண்டு இறங்கிக் காட்டுவேன். "எப்படி இருக்கு சார்?" என்பாள். "பஞ்சு மாதிரி இருக்கும்மா," என்பேன்.

எட்டாவது மாதம் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "மெதுவா ஏறலாம். ஓடாதீங்க, குதிக்காதீங்க," என்றார். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு மூவரும் அடிவாரத்தில் நின்றோம். மனைவி வாழ்நாளில் முதல்முறையாக மலைக்கு வந்திருந்தாள், சாட்சிக்கு. மச்சினன் கையில் அவள் கொடுத்திருந்த இரண்டு நடைக்கோல்கள். நான் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏறினேன். என்ன ஏற்றம் அது! அடிவாரக் கல்படி, அதற்கு மேல் சரளைப் பாதை, அதற்கும் மேல் பாறையில் வெட்டிய உயரமான படிகள். முன்பு ஒரு மணி நேரத்தில் ஏறுவேன், அன்று இரண்டு மணி நேரம். முட்டி முனகவில்லை. பாதி வழியில் மச்சினன் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். நான் நின்றுகொண்டே குடித்தேன். உச்சிப் பாறையில் காற்று முகத்தில் அடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி அதைப் பார்த்தாள். "உட்காருங்க," என்றாள், அதட்டாமல்.

அரை மணி நேரம் கழித்துக் கிளம்பினோம். பாறைப்படியின் விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். ஒரு காலை எடுத்து வைக்கப் போனேன். தொடை வெடவெடத்தது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். இந்த மலையில் பொத்தான் எங்கேயும் இல்லை.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல, ஷூ கயிறு."

ஷூ கயிற்றை மூன்றுமுறை கட்டினேன். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவளிடம் எதை மறைப்பது? சொல்லிவிட்டேன். ஆறாவது மாடி, லிஃப்ட், தரை, ஒரு மாடி ஏற்றம், எல்லாவற்றையும். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. மச்சினன் பாறையில் சாய்ந்துகொண்டு சிரித்தான். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

சிரித்து முடித்தபிறகு அவள் முகம் மாறியது. "போதும். அவன் ஒரு பக்கம் பிடிக்கட்டும், நான் ஒரு பக்கம் பிடிக்கறேன். இறங்கிடலாம்."

"பிடிச்சா ஷூ போச்சு."

"போகட்டும். கால் இருக்கும் இல்ல?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் ஷூ போனால் ஷூ மட்டுமா போகும்? அறுபத்திரண்டு வயதில், இனி யாராவது பிடித்துக்கொண்டால்தான் நடப்பேன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தமாதிரி ஆகிவிடும். நான் போனை எடுத்தேன்.

"சார்! ஞாயித்துக்கிழமை காலையில என்ன?" என்றாள் பிசியோதெரபிஸ்ட், தூக்கக் குரலில்.

"மலை உச்சியில இருக்கேம்மா."

"சூப்பர் சார்!"

"இறங்க முடியல."

மறுமுனையில் அவள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "வீட்டுப் படியில எவ்வளவு இறங்கிட்டிருந்தீங்க? உண்மையைச் சொல்லுங்க," என்றாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"சார், நீங்க லிஃப்ட் மெக்கானிக். ஏத்தறதுக்கு மோட்டார், இறக்கறதுக்கு பிரேக், சரியா? எட்டு மாசமா மோட்டாரை மட்டும் சர்வீஸ் பண்ணியிருக்கீங்க."

இதே மாதிரி நான் எத்தனை கட்டிடச் சங்கச் செயலாளர்களைத் திட்டியிருக்கிறேன்!

"வலி இருக்கா?"

"இல்லம்மா. நடுக்கம்தான்."

"அப்போ முட்டி நல்லாத்தான் இருக்கு, தொடைக்குத்தான் பழக்கமில்ல. ரெண்டு கோலும் முன்னாடி ஊணுங்க. ஆபரேஷன் பண்ண கால் முதல்ல இறங்கணும், நல்ல கால் அப்புறம். உயரமான படியில பக்கவாட்டா திரும்பி இறங்குங்க. இருபது படிக்கு ஒரு தடவை நில்லுங்க. சுருக்குன்னு வலிச்சாலோ வீங்கினாலோ உட்கார்ந்து ஆளைக் கூப்பிடணும், அதுல வீராப்பு கூடாது."

"கோல் ஊணலாமா?" என்று மச்சினனைக் கேட்டேன். அவன்தானே எதிர்க்கட்சி.

அவன் கொஞ்சம் யோசித்தான். "கை பிடிக்கக் கூடாதுன்னுதானே பேச்சு? கோல் மனுஷன் இல்ல மாமா," என்று நீட்டினான். அவன் நல்லவன் என்று முன்பே சொன்னேன்.

கோல். இடது கால். வலது கால். மறுபடி கோல். முதல் இருபது படிக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. தொடை எரிந்தது. எங்களுக்குப் பிறகு ஏறியவர்கள் உச்சியைத் தொட்டுவிட்டு எங்களைத் தாண்டி இறங்கினார்கள். ஒரு பெரியவர் "உதவி வேணுமா?" என்று கையை நீட்டினார். நான் போட்ட "வேண்டாம்!" என்ற சத்தத்தில் அவர் இரண்டு படி துள்ளி இறங்கினார். அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

பாறைப்படி முடிந்து சரளை வந்தது. பாதிச் சரளையில் கோல் வழுக்கியது. சறுக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டேன். மச்சினன் பாய்ந்து வந்தான்.

"தொடாத!"

அவன் நின்றான். நான் முட்டியைத் தடவிப் பார்த்தேன். வலி இல்லை. உள்ளங்கையில் மட்டும் தோல் உரிந்திருந்தது. இனி எழுந்திருக்க வேண்டும். புது முட்டி வைத்தவனுக்குத் தரையிலிருந்து எழுவதுதான் பெரும்பாடு. வலது பக்கம் புரண்டு, கைகளை ஊன்றி, வலது முட்டியில் பாரம் போட்டு, இடது காலை முன்னால் கொண்டுவந்து மிதித்தேன். முதல்முறை முடியவில்லை. தலையைத் தூக்கியபோது மனைவி இரண்டடி தூரத்தில் நின்றிருந்தாள். கையை ஒருமுறை நீட்டினால் போதும், அவள் ஜெயித்துவிடுவாள். மலை, ஷூ, ஞாயிற்றுக்கிழமை எல்லாமே முடிந்துவிடும். பல வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதான். ஆனால் அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள்.

"எழுந்திருங்க," என்றாள். "உங்களால முடியும். எழுந்திருங்க."

எழுந்தேன்.

அதற்குப் பிறகு நடுக்கம் போய்விட்டது என்று சொன்னால் அது கதை. நடுக்கம் இருந்தது. ஆனால் அது எவ்வளவு நேரம் ஆடும், எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. சரளை முடியும்போது பக்கவாட்டாகத் திரும்புவதை விட்டேன். அடிவாரக் கல்படியின் பாதியில் ஒரு கோலை மச்சினனிடம் கொடுத்தேன். கடைசிப் படியை விட்டுத் தரையை மிதித்ததும் அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"மூணு மணி நேரம் நாப்பது நிமிஷம். யார் கையும் படல. ஷூ உங்களுதுதான் மாமா," என்றான்.

நான் இன்னொரு கோலையும் அவனிடம் கொடுத்தேன். திரும்பி, அந்தக் கல்படியில் மறுபடி ஏற ஆரம்பித்தேன்.

"பைத்தியமா உங்களுக்கு? எங்க போறீங்க?" என்று கத்தினாள் மனைவி.

பதினெட்டு படி ஏறித் திரும்பி நின்றேன். கோல் இல்லை, கம்பி இல்லை. நேராகக் கீழே பார்த்து, ஒரு படிக்கு ஒரு கால் என்று, மற்ற மனிதர்கள் இறங்குகிற மாதிரி இறங்கினேன். அவசரமில்லாமல், பதினெட்டையும். என்னைப் பற்றி நானே அவ்வளவு பெருமைப்பட்டது அதற்கு முன் எப்போது என்று நினைவில்லை.

கீழே வந்ததும் மனைவியின் கையைப் பிடித்தேன். அவளுக்குத்தான் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.