தௌஃபீக் பேரில் ஒரு சீட்டு

மாதா திருநாளுக்கு ஸாஹ்லே ஊர்க் கோயிலில் குலுக்கல் வைப்பார்கள். ஐந்நூறு சீட்டு, ஒன்று ஐயாயிரம் லிரா. பரிசு, பதினைந்து லட்சம் பெறும் ஃப்ரிட்ஜ். இதைக் கேட்டால் கணக்கு டீச்சர் ஸம்யாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஐந்நூறால வகுத்தா சீட்டுக்கு மூவாயிரம்தாம்மா பெறும். அதுக்கு அஞ்சாயிரம் அழறே. அதையாவது உன் பேர்ல எழுதக் கூடாதா?"

அம்மா வர்தே வருஷா வருஷம் மகன் தௌஃபீக் பேரில்தான் எழுதுவாள். உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் அவனை பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். அப்போது பத்தொன்பது வயது. இருபத்தாறு வருஷமாகிறது, உடலும் வரவில்லை, ஒரு சேதியும் வரவில்லை.

குலுக்கலில் ஒரு சட்டம் உண்டு. சாமியார் மூன்று முறை பேர் சொல்வார். கூடத்தில் ஆள் எழுந்து நிற்காவிட்டால் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எடுப்பார். முன்பெல்லாம் பிரேசிலுக்குப் போன பிள்ளைகள் பேரில் ஆளாளுக்கு எழுதி, ஒருமுறை பரிசு விழுந்த அடுப்பு ஆறு மாதம் கோயில் நடையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதனால் வந்த சட்டம்.

"அப்போ உன் சீட்டு சுத்த பூஜ்யம்" என்றாள் ஸம்யா.

"போடி இவளே. ஃப்ரிட்ஜ் யாருக்கு வேணும்? நாலு பேர் நடுவுல அவன் பேரைக் கூப்பிடட்டும். கூப்பிட்டும் வரலேன்னா, உன் காகிதத்துல கையெழுத்துப் போடறேன்."

தௌஃபீக் இறந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லும் மனு அது. ஆறு வருஷமாக ஸம்யாவின் கைப்பையில் மடிந்து கிடக்கிறது. அவளுக்குச் சொத்து ஆசை எல்லாம் இல்லை. சாப்பாட்டு வேளைக்கு அம்மா ஒரு தட்டு கூடுதலாக வைப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு பூசை வைத்து, அழ வேண்டியதை அழுது தீர்க்கட்டும் என்று நினைத்தாள். ஆனால் ஐந்நூற்றில் ஒன்று என்றைக்கு விழ? அம்மாவின் ஆயுள் போதாது.

இந்த வருஷம் சாமியார் பெட்டியில் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"தௌஃபீக் ஷாஹீன்."

கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த பேர். இரண்டாம் முறையும் சொன்னார். மூன்றாவதைச் சொல்லாமலேயே விட்டுவிடுவார் போலிருந்தது.

"சொல்லுங்க சாமி" என்றாள் வர்தே.

சொன்னார். யாரும் எழவில்லை. சாமியார் சீட்டைக் கிழித்தார்.

வர்தே மகள் பக்கம் கையை நீட்டினாள். "கூப்பிட்டாச்சு. காகிதத்தை எடு."

ஸம்யா பையைத் திறக்கவில்லை. அவள் திரும்பி உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இரும்மா. வெளிய கேட்டிருக்காது."

"கேட்டிருக்கும்டி" என்றாள் அம்மா. "வாசலைப் பாக்காத. எடு."