இரண்டாவது குத்து

சோபியா ரத்தம் எடுத்தால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று உத்திரமேரூரில் பேர். அந்தப் பேர்தான் அவளைக் கெடுத்தது.

அன்று தலைச்சுற்றல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு லேப்புக்கு வந்தாள் பாஞ்சாலி. நாற்று நட்டுக் காய்த்துப்போன கை. நரம்பு எங்கேயோ ஒளிந்துகொண்டிருந்தது. ஒருவழியாகக் குத்தியும் சிரிஞ்சில் பாதிதான் ஏறியது. ஊதா மூடிக் குழாயை முதலில் நிரப்பியதில், பொட்டாசியம் பார்க்கும் சிவப்பு மூடிக் குழாய்க்கு அடி நனையத்தான் மிஞ்சியது. குத்திய இடம் அதற்குள் கன்றிப்போய்விட்டது.

"வூட்ல அவுரு தனியா கீறாரும்மா, சீக்கிரம் வுட்டுடு" என்றாள் பாஞ்சாலி. பக்கவாதத்தில் படுத்துவிட்ட புருஷனுக்கு அவள் ஊட்டினால்தான் சோறு இறங்கும்.

மறுபடி குத்த சோபியாவுக்கு மனசு வரவில்லை. ஊதாவிலிருந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றிவிட்டாள். செய்யவே கூடாத வேலை. ரத்தம் உறையாமலிருக்க ஊதாக் குழாயில் போட்டிருக்கும் மருந்திலேயே பொட்டாசியம் உண்டு; அது கலந்தால் ரிசல்ட் பொய் சொல்லும். தெரியாமல் செய்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டுப் போகலாம். தெரிந்தே செய்தாள். பாவம் பார்த்தால் பழி வந்து சேரும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஐந்தைத் தாண்டக் கூடாத பொட்டாசியம் எட்டு என்று வந்தது. இதயம் எந்த நேரமும் நின்றுபோகும் என்று பதறிய டாக்டர், அன்றைக்கே பாஞ்சாலியைச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே திரும்ப எடுத்த ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் இரண்டு நாள் படுக்கவைத்துப் பார்த்துத்தான் விட்டார்கள். அவள் வீடு வந்து சேர்வதற்குள் புருஷன் போய்விட்டார்.

சேதி கேட்டதும் சோபியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லேப் முதலாளியோ, "வாயத் தொறக்காத. அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆவல இல்ல?" என்றார். அவருடைய காரியம் முடியும்வரை அவளும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். அந்த வெட்கம் வேறு. மறுநாள் தாங்கமுடியாமல் பாஞ்சாலி வீட்டில் போய் நின்றாள்.

"வாம்மா. நீ கண்டுபுடிச்சதாலதான் நான் உசுரோட கீறேன்" என்று பாஞ்சாலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உதறிவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது சோபியாவுக்கு. ஓடவில்லை. குழாயிலிருந்து குழாய்க்கு ஊற்றியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். "உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லம்மா. இன்னொரு தபா குத்தினா வலிக்குமேன்னுதான்..." என்று அழுதாள்.

பிடித்திருந்த கையைப் பாஞ்சாலி மெதுவாக விட்டாள்.

"பக்கத்து வூட்டுக்காரி ஊட்டினா வாயே தொறக்கலியாம். நான் எங்க, நான் எங்கன்னு கேட்டுக்கினே இருந்தாராம்" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"பத்து தபா குத்தியிருக்கலாமேம்மா. நான் தாங்கியிருப்பேனே."