ஊதாரிச் செடியின் சருகு

ஆட்டுத் தொட்டியில் மிச்சம் கிடந்த சருகை எடுத்து விரலால் தேய்த்தாள். வெள்ளையாகப் பொடி ஒட்டியது. சட்டென்று விரலை உதறினாள்.

இழுத்து மூடிய ஈய உலையின் கழிவு மேட்டில் செடி பராமரிப்பதுதான் அவள் பிழைப்பு. மழை எட்டிப் பார்க்காத பொட்டல். அந்த நச்சு மண்ணில் இரண்டே வகைப் புதர்கள் தாக்குப்பிடித்தன. வேலைக்காரப் பெண்கள் அவற்றுக்குப் பேர் வைத்திருந்தார்கள். ஒன்று கஞ்சன், உறிஞ்சிய ஈயத்தை வேரிலேயே பூட்டிக்கொள்ளும், மேலே விடாது. மற்றது ஊதாரி, ஈயத்தையெல்லாம் முற்றிய இலைக்குத் தள்ளி, கொஞ்சத்தை உப்போடு பொடியாய்க் கக்கி, கடைசியில் இலையையே உதிர்த்துவிட்டுத் தான் பிழைத்துக்கொள்ளும். அந்தச் சருகை முகமூடி கட்டிக் கூட்டிப் புதைக்க வேண்டும்.

மேட்டிலிருந்து ஒரு குச்சிகூட வெளியே போகக் கூடாது என்பது உத்தரவு. ஆனாலும் கஞ்சன் கொழுந்தை ஒளித்துக் கொண்டுவந்து ஆட்டுக்குப் போடாத வீடு குடியிருப்பில் கிடையாது. இடுப்புப் பிடித்து அவள் படுத்துவிட்டதால், மேட்டுக்குக் காவல் இருக்கும் புருஷன் இந்த வாரம் தழை கொண்டுவருவதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான்.

"ஏங்க, இத எங்க வெட்டுனீங்க?"

"வெட்டுறதா? கீழ கொட்டிக் கிடந்துச்சு, அள்ளிட்டு வந்தேன். உன்ன மாதிரி குனிஞ்சு வெட்ட எனக்கென்ன கிறுக்கா?"

"கஞ்சன் எப்பங்க இலைய உதிர்த்துச்சு?"

அவன் பீடியை வாயிலிருந்து எடுத்தான். முகம் செத்துப்போனது. உடனே சமாளித்தான்.

"ஆடு நல்லாத்தானே இருக்கு? உன் தங்கச்சியாட்டம் தின்னுட்டுத் தின்னுட்டு அசை போடுது, பாரு."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே இரண்டு வயது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் ஆட்டுப்பால் குடித்த டம்ளர். இரண்டு நாளாய் பிள்ளைக்கு வயிற்று வலி. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உலை மூடிய பின்னும் ஆலைக்காரர்கள் நடத்திவந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கூடவே ஓடிவந்தவன் காதோரம் முணுமுணுத்தான்.

"வயித்து வலின்னு மட்டும் சொல்லு. செடின்னு வாயத் தொறந்தா ரெண்டு பேரு வேலையும் போயிடும். வீட்டையும் புடுங்கிருவாங்க. பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கடி போறது?"

அவளுக்கும் அதுதான் பயம். நர்ஸம்மா முன்னால் வயிற்று வலி என்றுதான் ஆரம்பித்தாள்.

"என்னடி பட்டு, மண்ணக் கிண்ணத் தின்னியா?" நர்ஸம்மா பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு மருந்து பாட்டிலைக் குலுக்கினாள். "ரெண்டு வேளை குடுங்க, சரியாயிடும்."

புருஷன் நிம்மதியாய் மூச்சு விட்டான். கையை நீட்டி பாட்டிலை வாங்கப் போனான்.

"அவ மண்ணத் திங்கலம்மா," என்றாள் அவள். "நாங்க ஆட்டுக்கு மேட்டுச் சருகப் போட்டுட்டோம். அந்தப் பாலத்தான் ஒரு வாரமா குடிக்கிறா."

"எந்தச் சருகு?"

"ஊதாரி."

நர்ஸம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பாட்டிலை அலமாரியில் திருப்பி வைத்தாள். பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், ஈறைப் பார்த்தாள்.

"ஈயம் ஏறியிருக்கான்னு ரத்தத்துல பாக்கணும். நான் மேலிடத்துக்குச் சொல்லியாகணும்மா. தெரியும்ல?"

"சொல்லிக்கோங்க. மொதல்ல ரத்தம் எடுங்க."

புருஷன் வாசலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு தரையில் குந்தி, உதைக்கும் பிஞ்சுக் கால்களைப் பிடித்துக்கொண்டான்.

ஊசி இறங்கியதும் பிள்ளை கூரை அதிர வீரிட்டாள். இவ்வளவு சத்தம் போட உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறதே என்று, அந்த அழுகையைப் பற்றிக்கொண்டு அவள் நின்றாள்.