அருந்ததி தெரிகிறது

அடையாறில் அந்த ஆய்வகத்தின் கூட்ட அறையில் ஏசி மட்டும் உற்சாகமாக இருந்தது. நூறு கோடி நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்து முடித்துவிட்ட 'அருந்ததி' விண்கலத்தை இன்றே அணைப்பதா, இன்னும் ஒரு மாதம் விட்டுவைப்பதா என்று பேச்சு. அண்டசராசரத்துக்கே வரைபடம் போட்ட குழு அது. மயிலாப்பூரில் அந்தக் குழுவிலிருக்கும் ஜலஜாவின் வீட்டு வாசல்தான் கூரியர்காரர்களுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"ஒரு மாசம் விட்டா என்ன குறைஞ்சுடும்? இரட்டை நட்சத்திரங்களை இன்னொரு தரம் பாத்துண்டு..." என்றாள் ஜலஜா.

"கலம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பறதுக்கே டேங்க்ல கேஸ் இல்ல மேடம்," என்றான் ஷ்ரவண், குழுவில் இளையவன். "எங்க பாக்குதுன்னு அதுக்கே தெரியாது. டிரான்ஸ்மிட்டர் மட்டும் சும்மா கத்திக்கினு கீது."

யாரும் சிரிக்கவில்லை. தலைமை வகித்த உம்மே ஹானி தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இரட்டை நட்சத்திரங்கள் மேல் ஜலஜாவுக்கு ஏன் இந்தத் திடீர்க் காதல் என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும்.

விண்கலத்தின் சமிக்ஞை கிடைத்ததும் தினமும் காலையில் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பும் ப்ரோகிராமை எழுதியவர் அவள் கணவர் கல்யாணராமன். தன் பெயரிலேயே போகும்படி எழுதியிருந்தார். போன மழைக்காலத்தில் மாரடைப்பில் அவர் போய்விட்டார், மின்னஞ்சல் நிற்கவில்லை. ஓடுகிற ப்ரோகிராமில் கை வைக்கக் கூடாது என்பது அந்த ஆய்வகத்தில் பூஜையறைக் கட்டுப்பாடு. அதனால் காலைக் காபியோடு தவறாமல் வந்தது: 'அருந்ததி தெரிகிறது. கல்யாணராமன்.'

அவர்கள் கல்யாணத்தில், உச்சி வெயிலில் வாத்தியார் வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்றபோது, ஜலஜா எல்லாரையும் போலத் தெரிகிறது என்றாள். மாப்பிள்ளை மட்டும், "தெரியலையே," என்று விளக்கம் கேட்டுப் பந்தியைத் தாமதமாக்கினார். பிராயச்சித்தமாகத்தான் மின்னஞ்சலில் அந்த வாசகம்.

"நீ சொல்லாம அணைக்க மாட்டேன், ஜலஜா," என்றார் ஹானி.

ஜலஜா ஏசியைப் பார்த்தாள். "கேஸ் இல்லைன்னா இல்லைதானே," என்றாள். "அணைக்கற கமாண்டை நானே அனுப்பறேன்."

மறுநாள் காலை, காபி ஆறிக்கொண்டிருக்கையில் கைபேசி சிணுங்கியது.

'அருந்ததி தெரியவில்லை. மறுபடி பார்க்கிறேன். கல்யாணராமன்.'

சற்று நேரத்தில் மறுபடியும் அதே. பிறகு மறுபடியும்.

ஷ்ரவண் போனில் கூப்பிட்டான். "மேடம், இதை நாங்க யோசிக்கவே இல்ல. சிக்னல் வர்ற வரைக்கும் சார் ப்ரோகிராம் தேடிக்கிட்டே இருக்கும். நிறுத்திடட்டுமா?"

அடுத்ததும் வந்து விழுந்தது. ஜலஜா அதைப் படித்து முடித்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் தேடட்டும்ப்பா," என்றாள். "அப்புறம் நானே வந்து அவர்கிட்ட சொல்லிடறேன்."