படாத குத்து

முனிராஜின் குத்து டிரேவரின் தாடையில் படவே இல்லை. காந்தா கைபேசியை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். மெதுவாக ஓடிய அந்தப் படத்தில் தன் கணவரின் வலது கை, டிரேவரின் தாடைக்கு முன்னால் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி விட்டுக் காற்றில் போனது. அந்தக் காற்றுக்கே டிரேவர், சுவரில் சாய்த்துவைத்த சைக்கிள் சரிவதுபோல மல்லாக்க விழுந்தார்.

கீழே எவனோ எழுதியிருந்தான்: 'பக்கா ஃபிக்ஸிங். எவ்ளோ குடுத்தீங்க தாத்தா?'

இதற்கெல்லாம் வழி செய்தது வேறு யாருமில்லை, பெற்ற பிள்ளை நரேஷ்தான். பரணில் கிடந்த கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'எங்கப்பா நாக்கவுட்' என்று ஊருக்கெல்லாம் அனுப்பிவைத்தான். ஊர் சும்மா இருக்குமா? வேலைவெட்டி இல்லாத ஒருவன் அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்துவிட்டான்.

அந்த ஒரு குத்தில்தான் இந்தக் குடும்பமே நின்றது. தொண்ணூறுகளில் ஆஸ்டின் டவுன் மைதானத்தில் நடந்த ஹெவிவெயிட் இறுதிப் போட்டி அது. அதைப் பார்த்துத்தான் பீன்யா தொழிற்சாலை ஒன்று முனிராஜைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. தெருவில் இன்றைக்கும் அவர் 'நாக்கவுட் முனி'. வரும் ஞாயிற்றுக்கிழமை திறக்கவிருந்த குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்துக்கும் அவர் பெயர்தான். பெயர்ப்பலகையை மாட்டி, சாக்கு போட்டு மூடிக்கூட வைத்தாயிற்று. இப்போது கிளப் பையன்கள் வந்து, உண்மை தெரிகிறவரை சாக்கை எடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தப் புகழில் காந்தாவுக்கும் பங்கு உண்டு. அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கிளப்பில் பெரிய ஆட்களுக்கு இருந்ததே ஒரு ஜோடி கிளவுஸ். முனிராஜின் முறம் மாதிரிக் கைக்கு அதுவும் பற்றவில்லை. "கை நொழையல காந்தா, இன்னாவாவது பண்ணு" என்று போட்டிக்கு முன்னால் அதை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கார்மென்ட்ஸில் வேலை பார்த்தவளுக்குத் தையல் எம்மாத்திரம்? கட்டைவிரல் பாகத்தை எவனோ பக்கத்தோடு சேர்த்துத் தைத்துத் தொலைத்திருந்தான். நூல் கட்டரால் அதைப் பிரித்தாள். பிரித்தது தெரிந்தால் கிளப்பில் திட்டுவார்களே என்று பார்வைக்கு இரண்டு இழையை மட்டும் விட்டுவைத்தாள். கை சுகமாக ஏறியது. எப்படி ஏறியது என்று அவர் கேட்கவும் இல்லை. "அன்னிக்கு கிளவுஸ ஏத்திவுட்டது நானு, பாதி நாக்கவுட்டு என்னுது" என்று தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் அவள் அடித்துக்கொள்ளும் தம்பட்டம் அக்கம்பக்கத்துக்கு மனப்பாடம்.

"பட்டுச்சி. என் கைக்குத் தெரியாதா?" என்று முதலில் முனிராஜ் கத்தினார். அப்புறம் சத்தம் அடங்கிவிட்டது. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனார். மறுநாள் அவளிடம் வந்து, "எனக்குத் தெரியாம எவனாவது அவனுக்குக் குடுத்திருப்பானா?" என்று சின்னப் பிள்ளைபோலக் கேட்டார். அந்த ஆகிருதியான மனிதரை அப்படிப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கெளம்பு. டிரேவர் அண்ணனையே கேட்டுடலாம். போன்ல புடிச்சி எல்லார் மூஞ்சிலயும் போட்டுடலாம்" என்றாள்.

அடுகோடியில் டிரேவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பதாகக் கேள்வி. அந்தப் போட்டிக்குப் பிறகு அவர் மைதானத்துப் பக்கமே வந்ததில்லை. தோற்ற வெட்கம் என்றுதான் முனிராஜ் நினைத்திருந்தார்.

செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே நரைத்த தாடியோடு உட்கார்ந்திருந்தார் டிரேவர். காலடிச் சத்தத்துக்கு முகத்தை முழுவதுமாகத் திருப்பிப் பார்த்தார். "வா மேன் முனி! வாங்க சிஸ்டர். வருவீங்கன்னு தெரியும்."

முனிராஜ் உட்காரவில்லை. "ஒன்னே ஒன்னு சொல்லு டிரேவர். நீ வேணும்னு வுழுந்தியா?"

டிரேவரின் முகம் சிவந்துவிட்டது. "நீயே கேக்குறியா? நேத்து சோத்துத் தட்டு முன்னாடி என் மருமவன் கேக்குறான் மேன், எவ்ளோ வாங்கினீங்க டாடின்னு. என்னை எவனும் வாங்கல. நிஜமாத்தான் வுழுந்தேன்."

"படலியே? படத்துல படலியே?"

"அது படல, கரெக்ட். அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சிக்கினோமே, ஞாபகம் இருக்கா? அப்ப உன் கட்டைவிரல் என் லெஃப்ட் கண்ணுல ஏறிடுச்சி. அந்தப் பக்கம் ஒரே இருட்டு. அப்புறம் உன் கை வந்ததே தெரியல, காத்துதான் தெரிஞ்சது. தலைய இழுத்தேன், கால் பொரண்டுச்சி, பின்மண்டை மேடைல அடிச்சிடுச்சி. பத்து எண்ணினதுகூட எனக்குக் கேக்கல."

"கண்ணு?" என்றார் முனிராஜ்.

"போச்சி. ஆபரேஷன் பண்ணியும் வரல." டிரேவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "கட்டைவிரல் நீட்டிக்கினு கண்ணுல போவக் கூடாதுன்னுதான் அதைச் சேத்து தெச்சி வெப்பாங்க. பழைய கிளவுஸு, நூலு வுட்டுப்போச்சி. உங்க கிளப்பு செக்ரட்டரியத்தான் திட்டிக்கினு இருந்தேன், அவரும் செத்துட்டாரு. பிடு குரு, வுட்டுடு, ஆனது ஆயிப்போச்சி."

கடையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் காந்தாவின் காதில் அது விழவில்லை. அந்த நூல் அறுபட்ட மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை வருஷமாக அவள் தம்பட்டம் அடித்த தையல் அது! அப்படியே ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

முனிராஜ் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். நிஜமான குத்து என்று சொல்லவைக்க வந்த மனுஷன் டிரேவரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "நடிச்சேன்னு சொல்லுடா. ஃபிக்ஸிங்னே சொல்லிடு. எம் பேரு போனா போவட்டும். உன் கண்ண நான் எடுத்தேன்னு மட்டும் சொல்லாதடா."

"அப்ப எம் பேரு?" என்றார் டிரேவர். "கண்ணு போச்சி, அதுவும் போவணுமா?"

முனிராஜ் அவர் முழங்காலை விட்டுவிட்டார். டிரேவர், "எடுங்க சிஸ்டர் போன, ஜெனுயின், நிஜமாத்தான் வுழுந்தேன்னு சொல்றேன். கண்ணு விஷயம் வேணாம்" என்றார். எத்தனை பெரிய மனசு! அந்த மனசுக்கு முன்னால் காந்தாவால் மறைக்க முடியவில்லை.

"நூலு தானா வுடல அண்ணா. நான் பிரிச்சேன். அவரு கை நொழையலன்னு பிரிச்சேன். எதுக்குத் தெச்சிருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

டிரேவர் மறுபடியும் முகத்தை முழுவதுமாகத் திருப்பி, இருந்த ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினார்.

"எடுங்க போன" என்றார். குரலில் பழைய கனிவு இல்லை. அவள் எடுத்தாள். கேமராவுக்கு நேரே வந்து, இடது கண் இமையை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"எவ்ளோ வாங்கினேன்னு கேட்டீங்கல்ல? இவ்ளோ வாங்கினேன்."

பிறகு தன் ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். "இப்ப நீங்க வந்து உக்காருங்க. உங்க பங்க நீங்கதான் சொல்லணும்."

காந்தா கைபேசியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படம் ஆடாமல் இருக்க முனிராஜ் கைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.